ஈரி கால்வாயில் கழுதை ஓட்ட வந்த பையன்களுக்கு

நியூயார்க் மாநிலம், 1881 வசந்தம். முதிய சுக்கான்காரர் ஒருவர் சொல்வது:

1. தம்பிகளா, முதலில் கோவேறு கழுதைக்குத் தீனி, பிறகுதான் உங்களுக்குச் சாப்பாடு. அது ஆறு மணி நேரம் படகைக் கயிற்றால் இழுக்கும், ஆறு மணி நேரம் படகுத் தொழுவத்தில் நிற்கும். நிற்கிற நேரத்தில் கழுத்துப்பட்டையைக் கழற்றித் துடையுங்கள். அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு புண் வந்துவிட்டால் அந்த ஜீவன் படுகிற பாடு எனக்குத் தாங்காது.

2. இரண்டு படகுகள் எதிரெதிரே வரும், கரைப்பாதையோ ஒன்றுதான். வழிவிடுவது உங்கள் படகு என்றால் கழுதைகளைத் தண்ணீரை விட்டு விலக்கி, பாதையின் வெளி ஓரத்தில் நிறுத்துங்கள். சுக்கான்காரர் படகை மறுகரைப் பக்கம் ஒதுக்குவார். கயிறு தளர்ந்து தண்ணீருக்குள் முழுகும். எதிர்க்கழுதைகள் அதைத் தாண்டிப் போகும், அவர்கள் படகு அதன் மேலேயே மிதந்து போகும். அது முழுசாகக் கடக்கும்வரை ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். அவசரப்பட்டால் கயிறு மாட்டி, கழுதைகளையே கால்வாய்க்குள் இழுத்துவிடும். மற்றதையெல்லாம் மெதுவாகக் கற்கலாம்; இதை இன்றைக்கே கற்றாக வேண்டும்.

3. படகின் மேல்தளத்தில் இருக்கும்போது "பாலம்!" என்று குரல் கேட்டால் உடனே படுத்துவிடுங்கள்.

4. கரையில் கண் வையுங்கள். நீரெலி வளை தோண்டியிருந்தாலும், வெளிச்சரிவில் நீர் கசிந்தாலும், கரைக்காவலரிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். ராச்செஸ்டருக்குக் கிழக்கே சுமார் 70 அடி உயர மண்மேட்டின் மேல் கால்வாய் போகிறது. அங்கே கரை உடைந்தால் கீழே உள்ளவர்கள் கதி என்ன? மணிக்கு நான்கு மைலுக்கு மேல் போகாதே என்ற சட்டமும் அலை கரையை அரிக்காமல் இருக்கத்தான்.

5. இரவு முறையில் தூக்கம் வந்தால் தண்ணீர் ஓரமாக நடக்காதீர்கள். இன்றைய ஜனாதிபதி கார்ஃபீல்ட் 1848இல் ஒஹையோவில் உங்களைப் போலக் கழுதை ஓட்டியவர். பலமுறை கால்வாயில் விழுந்து, காய்ச்சலோடு வீடு திரும்பினார்.

6. கூலியை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள். பருவம் முடியும்வரை நிறுத்தி வைத்து, கடைசி வாரங்களில் அடித்து விரட்டிக் கூலியைத் தின்கிற கேப்டன்கள் உண்டு. அனாதைப் பையன்களைத்தான் அவர்கள் தேடுவார்கள். அந்தப் பாவத்தைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருக்க மாட்டேன். என்னிடம் வந்து சொல்லுங்கள். டிசம்பரில் கால்வாய் உறைந்துவிடும், படகில் படுக்க இடம் இருக்காது. அக்டோபரிலேயே வழியிலுள்ள பண்ணை வீடுகளில் குளிர்கால வேலை கேட்டு வையுங்கள்.