கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்!



போன பொதுக்குழுவில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? மாதச் சந்தாவை அறுபது ரூபாய் ஆக்கலாமா என்று மேடையில் கேட்டோம். பந்தலின் கடைசியில் இருந்தவர்களுக்கு அது "இருபது" என்று கேட்டிருக்கிறது. கை தூக்கிவிட்டார்கள். அடுத்த மாதமே, "நாங்க எப்போ அறுபதுக்கு சம்மதிச்சோம்?" என்று சண்டை. முன்வரிசைக்காரர்களுக்கோ காதுவலி! சத்தத்தைக் கூட்டினால் போதும் என்று நாம் நினைத்ததுதான் தப்பு.

ஏன் இப்படி ஆகிறது?

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலியின் வலு கால் பங்காகிவிடும். ஸ்பீக்கரிலிருந்து 10 அடியில் இருப்பவருக்குக் கிடைப்பதில் 64-ல் ஒரு பங்குதான் 80 அடியில் இருப்பவருக்குக் கிடைக்கும். மண்டபம் என்றால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி சொல்லைக் குழப்பும். சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது.

மைக்செட்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?

1. மேடையோரம் இரண்டு பெரிய ஸ்பீக்கர் மட்டும் போதாது. பந்தலின் நடுவிலும் இருபுறம் ஒவ்வொன்று, குறைந்த சத்தத்தில் வையுங்கள்.

2. எல்லா ஸ்பீக்கரும் பின்வரிசையைப் பார்த்தே இருக்கட்டும். எதிரெதிராக வைத்தால் பேச்சு குழம்பும்.

3. தலைக்கு மேல் உயர்த்தி, சற்றே கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். தரையில் வைத்தால் முன்னால் இருப்பவர்களே ஒலியை மறைத்துவிடுவார்கள்.

4. மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் இருக்க வேண்டும். முன்னால் போனால் "கொய்ங்" என்று கத்தும்.

5. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர்தான் போகும். பெரிய பந்தலில் மேடை ஸ்பீக்கரின் ஒலி தாமதமாக வந்து, பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியோடு மோதும். நடு ஸ்பீக்கருக்கு "டிலே" வைக்க முடியுமா என்று கேளுங்கள். 34 மீட்டருக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு.

நாமே சோதிப்போம்

கூட்டத்துக்கு முன் ஒருவர் மைக்கில் பத்து எண்களைச் சாதாரணமாகப் படிக்கட்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து பேர் உட்கார்ந்து எழுதட்டும். ஐந்து தாளும் ஒத்துப்போகிறதா? சரி. இல்லையென்றால் ஸ்பீக்கரை நகர்த்தி மறுபடி பாருங்கள். ஆள் நிறைந்ததும் ஒலி இன்னும் குறையும். அதனால் கூட்டம் தொடங்கிய பிறகும் கடைசி வரிசையில் ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

தீர்மானத்தை வாசித்ததும், "கடைசியில கேட்டுச்சா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகே கை தூக்கச் சொல்வோம். காதில் விழாத தீர்மானம் நம் தீர்மானம் ஆகாது!