பழைய விண்டோஸுக்குத் திரும்பினால் கோப்புகள் என்னாகும்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறியபின் பிரிண்டர் ஓடாமலோ பழைய மென்பொருள் திறக்காமலோ போனால், முந்தைய பதிப்புக்கே திரும்பத் தோன்றும். அப்போது கோப்புகளைக் காவுவாங்குவது பெரும்பாலும் சில தவறான நம்பிக்கைகளே.

“எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம்.”

மேம்படுத்தியதிலிருந்து வழக்கமாகப் பத்து நாள்தான் கெடு. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது 30 நாள் இருந்தது. மறு ஆண்டே குறைத்துவிட்டார்கள். பழைய இயங்குதளம் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்டு’ என்ற ஃபோல்டரில் காத்திருக்கும். கெடு முடிந்ததும் தானாக நீங்கும். இடம் போதவில்லை என்று அதை முன்பே அழித்தால் அன்றே வழி அடைபடும்.

“பெர்சனல் ஃபைல்கள் அப்படியே இருக்கும் என்று திரையே சொல்கிறது.”

சொல்வது உண்மைதான், ஆனால் எது பெர்சனல் ஃபைல் என்பதைக் கணினி அது இருக்கும் இடத்தை வைத்தே தீர்மானிக்கிறது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை கணக்கில் சேரும். ஸ்டிக்கி நோட்ஸ் குறிப்புகளும் பிரவுசர் புக்மார்க்குகளும் ‘ஆப்டேட்டா’ என்ற மறைவான ஃபோல்டரில் இருப்பவை. அவற்றுக்கு இந்த உறுதிமொழி பொருந்தாது. மேம்படுத்தியபின் நிறுவிய மென்பொருள்களும் போய்விடும்.

இடத்தை வைத்துத் தீர்மானிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை 2018 காட்டியது. அக்டோபர் 2 அன்று வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு, டாக்குமென்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டிருந்த சிலரின் கணினிகளில், பழைய இடத்தில் மிஞ்சியிருந்த கோப்புகளைத் தேவையற்றவை என்று கருதி அழித்துவிட்டது. சில நாட்களில் வெளியீடு நிறுத்தப்பட்டு, நவம்பர் 13-இல்தான் மீண்டும் தொடங்கியது. கோப்பை இழந்தவர்களிடம் கணினியை முடிந்தவரை தொடாமல் வைக்கச் சொன்னது மைக்ரோசாஃப்ட்: அழிந்த கோப்பின் இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்பட்டால் மீட்பது அரிது.

“சிஸ்டம் ரெஸ்டோர் அழிந்த ஃபைலைக் கொண்டுவரும்.”

வராது. அது சிஸ்டம் கோப்புகள், அமைப்புகள், நிறுவிய மென்பொருள்கள் ஆகியவற்றை மட்டுமே பின்னுக்குக் கொண்டுபோகும்.

“டி டிரைவில் போட்டாயிற்று, ஒன்டிரைவிலும் இருக்கிறது.”

பல லேப்டாப்புகளில் சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரு பகுதிகள். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒன்டிரைவ் ஒத்திசைவு மட்டுமே; இங்கே அழித்தது அங்கேயும் அழியும், தனிநபர் கணக்கின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள்தான் தங்கும். திரும்பும் முன் வெளி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அதைக் கழற்றி வைத்துவிடுவதுதான் உருப்படியான பாதுகாப்பு. அந்தப் பிரதியை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்தும் பார்க்க வேண்டும்.

“பாஸ்வேர்டு தெரிந்தால் போதும்.”

விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க், மீட்புத் திரையில் 48 இலக்க எண்ணைக் கேட்கக்கூடும். 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் கோளாறான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, இந்த எண்ணைத் தேடுவதே பல இடங்களில் மீட்பைத் தாமதப்படுத்தியது. புனேயில் கராடியின் ஈயான் ஐடி பார்க் போன்ற வளாகங்களில் ஊழியரின் அலுவலக லேப்டாப்புக்கான எண்ணை நிறுவனத்தின் ஐடி பிரிவு வைத்திருப்பது வழக்கம். அதே ஊழியரின் வீட்டு லேப்டாப்புக்கு அப்படி யாரும் இல்லை. எண் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் திரும்பும் முன்பே தாளில் எழுதி வைக்க வேண்டும்.