நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஜூடோ கற்கும் பெண்பிள்ளைகள்

காஞ்சிப் பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளிலிருந்து என்னிடம் வைத்தியத்துக்கு வரும் தாய்மார்களில் சிலர், மகளை ஜூடோ வகுப்பிலிருந்து நிறுத்திவிட்ட செய்தியை, பெரியதோர் ஆபத்திலிருந்து குழந்தையைக் காத்துவிட்ட திருப்தியோடு சொல்லும்போதெல்லாம், "பொத்துப் பொத்தென்று விழுந்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும், நாளைக்குப் பிள்ளை தங்காது" என்ற வதந்தியை இவ்வூரில் கிளப்பிவிட்டவர்கள்மீது எனக்கு அடக்கமுடியாத கோபம் வருகிறது.

இது முழுப் பொய். இளம்பெண்ணின் கர்ப்பப்பை, இடுப்பெலும்புக் கூட்டின் நடுவே தசைகளும் தசைநார்களும் தாங்கிப்பிடிக்கப் பத்திரமாக இருக்கிறது. மெத்தையின்மேல் முறையாக விழுவதனால் அது நழுவிவிடுவதில்லை. கர்ப்பப்பை இறங்குவதற்குப் பிரதான காரணங்கள் பிரசவத்தில் தசைகள் தளர்வதும், வயோதிகமும், உடற்பருமனும், தீராத இருமலும், நாட்பட்ட மலச்சிக்கலும் ஆகும். பிரசவித்த சில நாட்களிலேயே மருமகளைத் தண்ணீர்க்குடம் தூக்க அனுப்புகிற வீட்டார், மெத்தையைக் கண்டு அஞ்சுவது என்ன நியாயம்? கர்ப்பிணிகள் விழும் பயிற்சியைத் தவிர்க்கவேண்டும் என்பது மெய். அந்த எச்சரிக்கையைப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் தலையில் கட்டுவது அறியாமை.

ஜப்பானின் ஜூடோ வீராங்கனை ரியோகோ தானி 2000, 2004 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்று, தாயான பிறகு 2008இல் பெய்ஜிங்கில் வெண்கலமும் வென்றார். பிரான்ஸின் கிளாரிஸ் அக்பென்யேனூ 2022இல் மகளைப் பெற்று, மறுவருஷமே உலகப் பட்டத்தை மீட்டார். நம் தேசத்திலோ, 1929இல் தாகூர் ஷின்ஸோ தகாகாகி என்ற ஜூடோ ஆசிரியரை ஜப்பானிலிருந்து சாந்திநிகேதனுக்கு வரவழைத்தார். அந்த ஆசிரமத்தில் ஜூடோ பயின்ற அமிதா சென்னின் புதல்வர்தாம் நோபல் பரிசு பெற்ற அமர்த்திய சென்.

கெடுதல் இல்லை என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பருவ வயதில் சரீரத்தின் பாரத்தைத் தாங்கி, அதிர்வும் ஏற்கும் அப்பியாசங்கள் எலும்பைச் செறிவாக்குகின்றன. மாதவிலக்கு நின்றபின் எலும்பு தேய்ந்து அவதியுறாமலிருக்க இதைவிட நல்ல முதலீடு வேறில்லை. குழித்தறியில் கால்களைத் தொங்கவிட்டு நாள்முழுதும் குனிந்திருக்கும் குலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு, முதுகும் இடுப்பும் வயிறும் ஒருங்கே பலப்படுகின்றன. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்து உயிரிழக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விழுந்தாலும் அடிபடாதிருக்க, மோவாயை மார்போடு ஒட்டி, கையால் மெத்தையை அறைந்து, தலை தரையில் படாமல் விழும் உகெமி என்ற முறையை ஜூடோ முதல் பாடமாகவே வைத்திருக்கிறது.

போதிதருமர் காஞ்சியிலிருந்து கொண்டுபோன கலை இது என்பாரும் உளர். அப்படியன்று, ஜப்பானிய ஜுஜுத்ஸு மரபுகளைக் கற்ற கானோ ஜிகோரோ என்ற கல்வியாளர், 1882இல் தோக்கியோவில் இதை அமைத்தார். பலசாலிகளுக்கே ஏற்றது என்போர், பார்வைக் குறைபாட்டோடு 2024 பாரிஸ் பாராலிம்பிக் ஜூடோவில் வெண்கலம் வென்ற கபில் பர்மாரை அறியாதவர்கள். பிள்ளை முரடாகிவிடும் என்பதும் வீண் பயம்: கரையை உடலோடு பிணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா கோக்கவேண்டியிருப்பதுபோல, இதற்கும் இணையாளர் இன்றியமையாதவர், அவர் தோல்வியை ஒப்பித் தட்டிய கணமே பிடியை விட்டு, வணங்கி எழவேண்டும். வாரந்தோறும் பலர்முன் விழுந்து, கலங்காமல் எழுந்து நிற்கும் பிள்ளைக்குப் பரீட்சைத் தோல்வியைத் தாங்கும் மனோதைரியமும் ஆத்திரத்தை அடக்கும் பழக்கமும் வருகின்றன.

அஞ்சவேண்டியது தலைக்காயத்துக்கு. ஜப்பானியப் பள்ளிகளிலேயே 1983க்குப் பிறகான முப்பதாண்டுகளுக்குள் நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் ஜூடோவில் இறந்தார்கள். அவர்களில் பலர், விழக் கற்குமுன் வேகமாக வீழ்த்தப்பட்ட புதியவர்கள். ஆகவே பெற்றோர் கேட்கவேண்டியது, தக்க மெத்தை உண்டா, ஆசிரியர் விழும்முறையைப் பொறுமையாகப் போதிக்கிறாரா, தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே நிறுத்தி வைத்தியரிடம் அனுப்புகிறாரா என்பதைத்தான். கலியாணமில்லாத ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக்கிடக்கும் மண்டபங்களில் ஒன்றிரண்டைப் பயிற்சிக்குத் திறந்துவிட உரிமையாளர்களும், மெத்தைகளை வாங்கித்தரப் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தாரும் முன்வரவேண்டும். பயிற்சி வேளையில் உடனிருக்க ஒரு வைத்தியர் வேண்டுமென்றால், நான் வருகிறேன்.