புயலுக்கு முந்தைய பனி

மேற்கு இமயமலையின் குளிர்காலப் பனிப்பொழிவில் பெரும்பகுதியை மேற்கிலிருந்து வரும் புயல்களே கொணர்கின்றன. எனினும், பனிச்சரிவு அபாயத்தைக் கணிக்குங்கால், பெய்யவிருக்கும் பனியைவிட ஏற்கெனவே படிந்துள்ள பனியே முதலில் ஆராயத்தக்கது. தெளிந்த வானமும் கடுங்குளிரும் நீடிக்குமாயின், ஒப்புநோக்கில் வெதுவெதுப்பான தரையிலிருந்து நீராவி மேலேறி உறைய, அடிப்பனி சர்க்கரை போன்ற பிடிப்பற்ற மணிகளாகிவிடுகிறது. மேற்பரப்பை நோக்குவோர்க்கு இது புலப்படாது. குழி தோண்டியே அறிய வேண்டும். இதன்மீது புயற்காற்று குவிக்கும் புதுப்பனி, 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளில், பலகைபோல் பெயர்ந்து விழக்கூடும்.

எச்சரிக்கை கிடைத்த பின்னர் எஞ்சும் அவகாசமோ மிகக் குறைவு. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா அருகே சாலைப் பணியாளர் முகாம் பனிச்சரிவில் புதையுண்டது. 46 பேர் மீட்கப்பட்டனர், 8 பேர் மாண்டனர். அம்மாவட்டத்தின் உயர்பகுதிகளுக்கு முந்தைய நாளே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது.