மருந்து வேண்டாம், விளக்கை அணையுங்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஜூன் கடைசியில் ஒரு ராத்திரி ஈசல் மாதிரிப் பூச்சிகள் வந்து வாசல், கார் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டன. விடிந்து பார்த்தால் குவியலாகச் செத்துக் கிடந்தன. ஒரே நாளில் சாகவா இவை பிறக்கின்றன? கடிக்குமா? மருந்து அடிக்கலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அது ஈசல் இல்லை அம்மா. ஈசல் கறையான் புற்றிலிருந்து கிளம்புவது. நீங்கள் பார்த்தது ஏரியின் அடிச்சேற்றிலிருந்து வரும் மேஃப்ளை. கடிக்காது. இறக்கை முளைத்தபின் அது எதையும் தின்பதே இல்லை. அதற்கேற்ற வாயும் கிடையாது.

ஒருநாள் வாழ்க்கை என்பது பாதி உண்மைதான். உங்கள் வாசலுக்கு வந்தது அதன் கடைசி ஓரிரு நாளில். அதற்குமுன் ஓராண்டோ இரண்டாண்டோ புழுவாகச் சேற்றில் வளை தோண்டி, வயிற்றோரம் இருக்கும் செவுள்களை ஓயாமல் அசைத்து நீரை உள்ளே இழுத்து மூச்சுவிட்டு, பலமுறை தோலுரித்து வளர்ந்திருக்கும். இறக்கை வந்தபிறகும் ஒருமுறை தோலுரிப்பது இன்றுள்ள பூச்சிகளில் இந்த இனம் மட்டுமே. மங்கிய இறக்கையோடு இரவில் கரையேறும். சுவரிலோ மரத்திலோ ஒட்டியிருந்து உரித்துக்கொண்டு, மறுநாள் அந்தியில் கூட்டமாகப் பறந்து இணைசேரும். பெண் ஆயிரக்கணக்கில் முட்டைகளை நீரில் இட்டுச் சாகும்.

இவ்வளவும் நடக்க ஏரியின் அடியில் ஆக்சிஜன் இருந்தாக வேண்டும். சாக்கடையும் வயல் உரமும் கலந்தால் பாசி பெருகும். அது செத்து அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். 1953இல் ஈரியின் மேற்குப் பகுதியில் அதுதான் நடந்தது. வெயிலும் காற்றில்லாத நாட்களும் சேர்ந்துகொள்ள, அடிச்சேற்றுப் புழுக்கள் கூண்டோடு அழிந்தன. அடுத்து வந்த பத்தாண்டுகளில் மேஃப்ளை அங்கே அரிதாகிவிட்டது. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, ஏரியில் சேரும் பாஸ்பரஸைக் குறைத்தன. 1990களின் தொடக்கத்தில்தான் கூட்டம் திரும்பியது. வானிலை ரேடாரில் மேகம்போலத் தெரியும் அளவுக்குப் பெருகியது. அந்த ரேடார் பதிவுகளே, 2015க்குப் பின் சில ஆண்டுகளில் எண்ணிக்கை மீண்டும் வெகுவாகச் சரிந்ததையும் காட்டின. எனக்குக் கவலை தருவது அதுதான்.

ஆகவே மருந்து வேண்டவே வேண்டாம். அது ஏரிக்குத்தான் போய்ச் சேரும். இந்தப் புழுக்களை நம்பி வாழும் மீன்களையும் பாதிக்கும். அந்த ஓரிரு வாரம் வாசல் விளக்கை அணைத்துவைக்கச் சொல்லுங்கள். கரையோர ஊர்கள் சிலவற்றில் தெருவிளக்கையே அணைக்கிறார்கள். செத்தவற்றைக் கூட்டி அள்ளித் தோட்டத்து மண்ணில் போடலாம், நல்ல எரு. சாலையில் கிடப்பவை வழுக்கும். மகளை வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள்.