நில அளவையும் திசைகாட்டியும்

மாணவர்களே, "திசைகாட்டியின் முள் வடக்கைக் காட்டும்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. அது காட்டுவது காந்த வடக்கையே. உண்மை வடக்கை அன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் காந்த விலகல் எனப்படும். இது இடத்துக்கிடம் வேறுபடும், காலத்தோடும் மாறும்.

19ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் காணி அளக்கப் பயன்பட்ட இரு கருவிகள்:

1. திசைகாட்டி: எல்லைக்கோட்டின் திசைகோளைத் தந்தது.
2. கண்டர் சங்கிலி: கோட்டின் நீளத்தைத் தந்தது. இதன் நீளம் 66 அடி. 80 சங்கிலி 1 மைல். 10 சதுரச் சங்கிலி 1 ஏக்கர்.

திசைகோள் 1 பாகை பிழைத்தாலும் ஒரு மைல் முடிவில் எல்லை ஏறக்குறைய 92 அடி விலகிவிடும். ஒருவரின் காணி அயலவருக்குப் போய்விடும்.

இரும்புத்தாது உள்ள இடங்களில் முள் மேலும் தடுமாறியது. இதற்குத் தீர்வாக, சூரியனைக் கொண்டு உண்மை வடக்கைக் காணும் சூரியத் திசைகாட்டியை வில்லியம் ஒஸ்ரின் பேர்ட் அமைத்து, 1836இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1844இல் மிச்சிகனில் அவரது குழு அளவை செய்தபோது காந்தமுள் பெரிதும் விலகியது. காரணத்தைத் தேடியபோது அங்கே இரும்புத்தாது காணப்பட்டது. முள்ளின் பிழையே கனியத்தைக் காட்டிக்கொடுத்தது.

நினைவிற் கொள்க: பழைய உறுதியில் காந்த வடக்கிலிருந்து குறித்த திசைகோளை, அளந்த ஆண்டுக்குப் பின் காந்த விலகலில் ஏற்பட்ட மாற்றத்துக்கேற்பத் திருத்திய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

பயிற்சி: 10 சங்கிலி நீளமும் 4 சங்கிலி அகலமும் உள்ள செவ்வகக் காணியின் பரப்பு யாது?
விடை: 10 × 4 = 40 சதுரச் சங்கிலி; அதாவது 4 ஏக்கர்.