பதவியும் பணியும்

நுழையும்முன்

பதவி என்பது பெருமையா, பொறுப்பா? தமிழக முதலமைச்சராக விளங்கிய காமராசர், அப்பதவிக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இவ்வினாவிற்குத் தம் செயலால் விடை தந்தார். அவருடைய தொடக்ககால அரசியல் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

தொண்டர்

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் விருதுநகரில் குமாரசாமி – சிவகாமி அம்மையார் இணையருக்கு மகனாகப் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்ததால் பள்ளிப்படிப்பைத் தொடர இயலாமல், தாய்மாமனின் துணிக்கடையில் பணிக்கு அமர்ந்தார். 1919இல் நிகழ்ந்த ஜாலியன் வாலாபாக் படுகொலை அவர் உள்ளத்தை உலுக்கியது. காங்கிரசுப் பேரியக்கத்தின் தொண்டரானார். அவரை அரசியலிலிருந்து விலக்க எண்ணிய உறவினர், திருவனந்தபுரத்தில் மற்றொரு மாமன் நடத்திய மரக்கடைக்கு அனுப்பிவைத்தனர். அவரோ அங்கிருந்தவாறே 1924இல் வைக்கம் போராட்டத்தில் கலந்துகொண்டார்.

1930இல் இராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாகிரகம் நடைபெற்றது. அதில் ஈடுபட்ட காமராசர் ஈராண்டுச் சிறைத்தண்டனை பெற்று, பல்லாரியை அடுத்த அலிப்பூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். காந்தி – இர்வின் ஒப்பந்தத்தின் பயனாக 1931இல் விடுதலையானார்.

தலைவர்

நாவன்மை மிக்க தீரர் சத்தியமூர்த்தியைக் காமராசர் தம் அரசியல் வழிகாட்டியாகக் கொண்டார். 1936இல் சத்தியமூர்த்தி மாநிலக் காங்கிரசுத் தலைவரானபோது காமராசர் செயலாளரானார். 1940இல் நடைபெற்ற தலைவர் தேர்தலில் காமராசர் மூன்று வாக்குகள் வேறுபாட்டில் வென்றார். அப்போது அவர்தம் வழிகாட்டியான சத்தியமூர்த்தி, மாணவரின் தலைமையை ஏற்றுச் செயலாளராகப் பணியாற்ற முன்வந்தார். பதவியின் ஏற்றத்தாழ்வு அவ்விருவர் நட்பைச் சிறிதும் குறைக்கவில்லை.

சிறையில் வந்த பதவி

தனிநபர் சத்தியாகிரகத்திற்குரியோர் பட்டியலுக்குக் காந்தியடிகளின் இசைவைப் பெற வார்தாவுக்குச் செல்லும் வழியில், 1940 திசம்பரில் குண்டூரில் காமராசர் கைது செய்யப்பட்டு வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்தபோதே, 1941இல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறந்த ஊர் மக்கள் அன்போடு அளித்த சிறப்பு அது. எனினும், விடுதலைக்குப் பின் நகராட்சிக்குச் சென்ற அவர், அப்பதவியிலிருந்து விலகினார். முழுமையாகக் கடமையாற்ற இயலாத பதவியை வகிப்பது முறையன்று என்பது அவர் கருத்து. விடுதலைப் போரும் கட்சிப்பணியும் தம் நேரம் முழுவதையும் கோருவதை அவர் உணர்ந்திருந்தார். 1942 ஆகத்துப் போராட்டத்தில் மீண்டும் சிறைசென்று, 1945இல்தான் வெளிவந்தார்.

1954இல் முதலமைச்சரான காமராசர், 1963இல் கட்சிப்பணிக்காக அப்பதவியையும் துறந்தார். நாடறிந்த அத்துறவைக் கண்டு பலர் வியந்தனர். விருதுநகர் நகராட்சியில் நடந்ததை அறிந்தோர்க்கு அது புதியதன்று.

கற்பவை கற்றபின்

நகராட்சித் தலைவர் பதவியில் நீடித்துக்கொண்டே காமராசர் விடுதலைப் போரிலும் ஈடுபட்டிருக்கலாமா? இரு தரப்புக் கருத்துகளையும் வகுப்பறையில் கலந்துரையாடுக.